இழந்த நற்பெயரும் ஜெர்மனியின் அயல்நாட்டுக் கொள்கையும்

நற்பெயரை இழந்த தனி மனிதனொருவன் ஊரை விட்டு வேற்றூர் சென்றேனும் எஞ்சிய வாழ்நாளைக் கழித்துவிடலாம். ஒரு தேசத்துக்கோ அவ்வழி இல்லை. அது தான் இருக்கும் இடத்திலேயே இருந்து, அண்டை அயலாரது முகத்தை நாடோறும் நோக்கியாதல் வேண்டும். அவ்வாறு பெரும்பழி சுமந்த தேசமொன்று, பிற தேசங்களின் நடுவே மீண்டும் மதிப்புடன் நிற்பதற்கு யாது செய்தது, யாது செய்யத் தவறியது என்பதை ஆராய்தல் பயனுடைத்தாம். அத்தேசம் ஜெர்மனி. எங்கோ கடலுக்கு அப்பால் நிகழ்ந்த இச்சரித்திரத்துக்கும் நம் சங்கத்தாருக்கும் என்ன சம்பந்தம் என்று வினவும் அன்பர் சிலர் இருக்கலாம். நம்மவருட் பலர் கொடுக்கல் வாங்கலிற் பழகியவர். தந்தை வைத்துப்போன கடனை, "யான் வாங்கியதன்று" என்று மறுக்கும் மைந்தனை நம் பஞ்சாயத்தார் எங்ஙனம் மதிப்பர் என்பதை நன்கறிந்தவர். அக்கடன் பணக்கடனாக மட்டுமின்றி உயிர்க்கடனாகவும் இருந்து, அதனைப் பெறவேண்டியவரே கைநீட்ட மறுப்பாராயின் அம்மைந்தன் யாது செய்வான்? இவ்வினாவையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

1945-ஆம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி ஜெர்மனி சரணடைந்தது. அதற்குள் ஹிட்லரது ஆட்சி ஐரோப்பாவெங்கும் ஏறக்குறைய 60 லட்சம் யூதரைக் கொன்றொழித்திருந்தது. போர்க்களத்திலே பகைவரைக் கொல்லுதலை உலகம் பண்டே கண்டிருக்கிறது. ஆயுதம் ஏந்தாத குடிமக்களை, குழந்தைகளும் முதியோரும் உட்பட, பெயர்க்கணக்கு எழுதி ரெயிலேற்றி நச்சுப்புகை அறைகளுக்கு அனுப்பிய கொடுமையை அது கண்டதில்லை. ஜெர்மன் என்ற பெயரே அருவருப்புக்குரியதாயிற்று. இஸ்ரேல் தேசத்தார் தம் மக்களுக்கு வழங்கிய பாஸ்போர்ட்டுகளில், ஜெர்மனி நீங்கலாகப் பிற தேசங்களுக்கெல்லாம் செல்லத்தகும் என்று முத்திரையிட்டனர் எனின் அவ்வெறுப்பின் ஆழம் புலனாகும்.

1949-இல் ஜெர்மனி இரண்டு ராஜ்யங்களாகப் பிரிந்தது. மேற்கு ஜெர்மனிக்குத் தலைமை மந்திரியாக வந்தவர் கோன்ராட் அடினாவர் என்பவர். அப்போது அவருக்கு வயது 73. கொலோன் நகரத்து மேயராக நெடுங்காலம் இருந்து, 1933-இல் ஹிட்லரின் கட்சியாரால் அப்பதவியினின்றும் நீக்கப்பட்டவர். அயல்நாடுகளோடு உறவு கொள்ளுதற்குரிய தனி இலாகா ஒன்றை வைத்துக்கொள்ளும் உரிமையுங்கூட மேற்கு ஜெர்மனிக்கு 1951-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில்தான் கிடைத்தது. அவ்விலாகாவை அடினாவர் தாமே ஏற்றார். அதே மாதம் 12-ந் தேதி இஸ்ரேல் சர்க்கார், ஜெர்மனியை வென்ற நான்கு வல்லரசுகளுக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பினர். ஹிட்லரது கொடுமைக்குத் தப்பிவந்த அகதிகள் 5 லட்சம் பேரைக் குடியமர்த்த ஒருவருக்கு 3,000 டாலர் வீதம் 150 கோடி டாலர் ஆகிறது. அதில் 100 கோடியை மேற்கு ஜெர்மனியும் 50 கோடியைக் கிழக்கு ஜெர்மனியும் தருதல் வேண்டும் என்பது அதன் சாரம். கணக்கை நன்கு நோக்குக. செத்தவருக்கு அதில் விலை போடப்படவில்லை. உயிர்களுக்கு ஈடில்லை என்பதை அவ்விண்ணப்பத்தை எழுதினோர் அறிந்திருந்தனர். பிழைத்தவரைக் காக்கும் செலவையே கேட்டனர்.

அவ்வருஷம் செப்டம்பர் மாதம் 27-ந் தேதி அடினாவர் தம் பார்லிமெண்டிலே எழுந்து, ஜெர்மன் ஜனங்களின் பெயரால் சொல்லொணாக் குற்றங்கள் இழைக்கப்பட்டன என்றும், அவற்றுக்கு ஒழுக்கத்தாலும் பொருளாலும் ஈடு செய்தல் கடமை என்றும் அறிவித்தார். அங்கத்தினர் எழுந்து நின்று மௌனம் காத்தனர். ஆயினும் அவ்வறிக்கையிற் குறையுண்டு. ஜெர்மன் ஜனங்களிற் பெரும்பான்மையோர் அக்குற்றங்களை வெறுத்தனர், அவற்றிற் பங்குகொள்ளவில்லை என்றும் அவர் அதிற் சேர்த்துக் கூறினார். "ஜனங்களின் பெயரால்" என்ற சொற்றொடரும் அளந்தெடுத்த சொற்றொடரே. "ஜனங்களால்" என்று சொல்ல அவர் நாவெழவில்லை. எதிர்க்கட்சியாரின் சார்பிற் பேசிய முதியவர் பவுல் லேபே, இவ்வறிக்கை இன்னும் முன்னரே வந்திருக்கலாமே என்றார். அது நியாயமான குறையே.

அமெரிக்கர் மனத்தைக் குளிர்விக்கவே அடினாவர் இதனைச் செய்தார் என்பாரும் உளர். அமெரிக்காவின் நல்லெண்ணத்தை அவர் நாடினார் என்பது மெய்யே. அவர் அதனை மறைக்கவுமில்லை. எனினும் தம் ஜனங்களின் வாக்கை நாடும் மந்திரி ஒருவருக்கு இவ்வழி உகந்ததன்று. 1952-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் எடுத்த அபிப்பிராயக் கணக்கிலே, இஸ்ரேலுக்குப் பணந்தருதல் வேண்டாத வேலை என்றோர் நூற்றுக்கு 44 பேர். தரலாம், ஆயின் தொகை மிகுதி என்றோர் 24 பேர். தடையின்றி ஒப்புக்கொண்டோர் 11 பேரே. வீடுகள் இடிந்து கிடந்த நகரங்களிலே, தாம் செய்யாத பாவத்துக்குத் தாம் ஏன் வரி கொடுக்கவேண்டும் என்று குடிகள் முணுமுணுத்தனர்.

இனி, பெறுவோர் பக்கம் நோக்குவோம். இஸ்ரேல் அக்காலத்திற் பெருவறுமையில் இருந்தது. மூன்று வருஷத்துக்குள் ஜனத்தொகை இரட்டித்துவிட்டது. உணவுக்குப் பங்கீடு, அகதிகளுக்குக் கூடாரம். பிரதம மந்திரி பென் குரியன் ஜெர்மனியோடு நேரே பேசலாம் எனத் துணிந்தார். கொன்றவனே கொல்லப்பட்டவனது சொத்துக்கும் வாரிசாகலாமோ என்பது அவரது வாதம். எதிர்த்து நின்றவருள் முதல்வர் மெனாஹெம் பெகின். அவருடைய பெற்றோரும் தமையனாரும் ஹிட்லரின் ஆட்களால் உயிரிழந்தவர். தாயின் இரத்தத்துக்கு மகன் கைநீட்டிக் காசு வாங்குவதா என்று கொதித்தவருடைய குரலை எவரே பழிக்கவல்லார்? 1952-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 7-ந் தேதி ஜெருசலேம் நகரத்திலே அவர் பெருங்கூட்டத்திற் பேசினார். கூட்டத்தார் சட்டசபைக் கட்டிடத்தின்மேல் கல்லெறிந்தனர், சன்னல்கள் உடைந்தன, போலீசார் பிரயோகித்த கண்ணீர்ப்புகை சபைக்குள்ளும் புகுந்தது. இரண்டு நாள் கழித்து வாக்கெடுத்தபோது, பேச்சு நடத்தலாம் என்றோர் 61. ஆகாது என்றோர் 50. இவ்விரு பக்கத்தாரில் எவர் பக்கம் தர்மம் நின்றது என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல இயலாது. பசித்த குழந்தைக்குப் பால் வேண்டும் என்பதும் தர்மம். இறந்தோரை விலைபேசலாகாது என்பதும் தர்மம்.

இதற்குச் சிறிது முன்னர், 1951-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 6-ந் தேதி, அடினாவர் லண்டன் நகரத்து விடுதியொன்றிலே நாஹும் கோல்ட்மன் என்னும் யூதத் தலைவரை மறைவாகச் சந்தித்திருந்தார். இஸ்ரேல் கேட்ட 100 கோடி டாலர்க் கணக்கையே பேச்சுக்கு அடிப்படையாக ஏற்பதாக அன்றே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மந்திரி சபையாரை அவர் கலந்துகொள்ளவில்லை. கலந்திருப்பின் அக்கடிதம் பிறந்திராது.

பேச்சு 1952-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 21-ந் தேதி ஹாலந்து தேசத்து வாசனார் என்னும் ஊரிலே தொடங்கிற்று. அக்காட்சி விசித்திரமானது. இஸ்ரேல் தூதுக் குழுவின் தலைவர் இருவரும், ஜோசப்தால், ஷின்னார் என்போர், ஜெர்மனியிலேயே பிறந்தவர். எதிரே அமர்ந்தோரின் மொழியே தங்கள் தாய்மொழி. ஆயினும் அம்மொழியிற் பேச மறுத்து ஆங்கிலத்திற் பேசினர். கைகுலுக்கல் இல்லை. பேச்சு தொடங்கிய வாரத்திலேயே மியூனிக் நகரத்தில் அடினாவர் பெயருக்கு வந்த பொட்டலமொன்று வெடித்து, அதனைச் சோதித்த போலீஸ் நிபுணர் ஒருவர் மாண்டார். பேச்சை முறிக்க விரும்பிய யூதத் தீவிரவாதிகளின் வேலை அது என்று துப்பு துலங்கிற்று. வேறொரு சர்க்காராயின் இதனையே காரணமாகக் காட்டிப் பேச்சைக் கைவிட்டிருக்கும். ஜெர்மன் சர்க்கார் கைவிடவில்லை.

மெய்யான இடையூறு வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதே சமயத்தில் ஜெர்மனியின் பழைய கடன்களைக் குறைத்துக்கொள்ளுமாறு கடன்கொடுத்த தேசங்களைக் கேட்கும் மகாநாடு லண்டனில் நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தலைமை தாங்கிச் சென்ற பாங்கி அதிபர் ஹெர்மன் ஆப்ஸ் என்பவரும், நிதி மந்திரி ஷேபரும் தடுத்தனர். "ஒருபுறம் இல்லை இல்லை என்று கைவிரித்துக்கொண்டு மறுபுறம் புதுக்கடனை ஏற்பது எங்ஙனம்? முதலில் சிறு தொகை சொல்லுவோம், பார்க்கலாம்" என்பது அவர்களது கருத்து. வியாபார முறைப்படி அது குற்றமன்று. நாமும் பேரத்திலே அங்ஙனமே செய்வோம். ஆயின் வாசனாரில் ஜெர்மன் குழுவுக்குத் தலைவராயிருந்த பேராசிரியர் பிரான்ஸ் பேமும் துணைவர் ஓட்டோ கூஸ்டரும் இஃது பேரம்பேசும் சந்தையன்று எனக் கண்டவர். இருவரும் ஹிட்லர் காலத்திலே பதவி இழந்தவர். பேம் யூதருக்காகப் பேசியதனால் கற்பிக்கும் உரிமை இழந்தார். கூஸ்டர் நீதிபதிப் பதவியினின்றும் விலக்கப்பட்டார். மே மாதத்திலே இருவரும் தம் வேலையை விட்டு விலகுவதாக அறிவித்தனர். தங்கள் சர்க்காருக்கு இவ்விஷயத்தில் மனப்பூர்வமான எண்ணம் இல்லை என்பது பத்திரிகைகளில் வெளிவந்தது. உலகம் கைகொட்டி நகைக்குமே என்று அடினாவர் உணர்ந்தார். உடனே பேமையே பாரிஸ் நகருக்கு அனுப்பி, 300 கோடி மார்க்கு தருவதாகக் கோல்ட்மனிடம் கூறச்செய்தார்.

ஒரு தேசத்தின் நற்பெயரை மீட்பவர் மந்திரிகளே என்று நாம் நினைக்கிறோம். இவ்விடத்திலே அதனை மீட்டவர் இராஜிநாமாக் கடிதம் எழுதிய இரு வழக்கறிவாளர் என்பது எம் துணிபு. அடினாவர் வாக்களித்தார், அவ்வாக்கை அவர் மீறாதபடி காத்தவர் அவ்விருவர்.

1952-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 10-ந் தேதி காலை, லக்ஸம்பர்க் நகரசபை மண்டபத்திலே அடினாவரும் இஸ்ரேல் அயல்நாட்டு மந்திரி மோஷே ஷரெத்தும் கையொப்பமிட்டனர். எவரும் உரை நிகழ்த்தவில்லை. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க்கு. பிற தேசங்களிற் சிதறிய யூதருக்காக அவர்தம் சங்கங்களின் பிரதிநிதி சபைக்கு 45 கோடி மார்க்கு. அரபு தேசங்கள் ஜெர்மன் சரக்கைப் பகிஷ்கரிப்போம் என்று அச்சுறுத்தின. ஜெர்மன் பார்லிமெண்டில் 1953-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி வாக்கெடுத்தபோது 239 பேர் ஆதரித்தனர். 35 பேர் எதிர்த்தனர். 86 பேர் நடுநிலை வகித்தனர். அடினாவரின் சொந்தக் கட்சியாரிற் பலரே நழுவினர். எதிர்க்கட்சியாகிய சமூக ஜனநாயகக் கட்சியாரோ ஒருவர் விடாது ஆதரித்தனர். அவர் கை கொடாவிடின் அவ்வொப்பந்தம் கவிழ்ந்திருக்கும். ஆப்ஸ் அஞ்சியதும் நிகழவில்லை. லண்டன் கடன் ஒப்பந்தம் அதற்கு முந்திய மாதமே கையொப்பமாயிற்று. பழைய கடனில் ஏறக்குறையப் பாதி தள்ளிக்கொடுக்கப்பட்டது. புதுக்கடனை மதித்தவனைப் பழைய கடன்காரரும் நம்பினர்.

பணம் பெரும்பாலும் சரக்காகவே சென்றது. இஸ்ரேல் சர்க்கார் கொலோன் நகரத்தில் ஓர் அலுவலகம் வைத்து உருக்கு, யந்திரங்கள், கப்பல்கள் முதலியவற்றை வாங்கினர். ஒரு பகுதி எண்ணெய்க்காயிற்று. தவணைகள் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தவறாமல் செலுத்தப்பட்டன. கொடுமைக்குத் தப்பிய தனி மனிதருக்கு வேறு சட்டங்களின்படி நஷ்டஈடு தரப்பட்டது.

இவ்வளவும் செய்த அடினாவர், தம் காரியாலயத்துக்குத் தலைவராக யாரை வைத்திருந்தார் தெரியுமா? ஹான்ஸ் குளோப்கே என்பவரை. யூதரின் குடியுரிமையைப் பறித்த 1935-ஆம் வருஷத்து நூரம்பர்க் சட்டங்களுக்கு உரை எழுதியவருள் அவரும் ஒருவர். 1953 முதல் 1963 வரை அவர் அப்பதவியில் இருந்தார். ஒரு கையாற் கடனைத் தீர்த்துக்கொண்டே மறுகையால் அக்கடனை உண்டாக்கியவனுக்கு நாற்காலி இட்ட இச்செயலை எவ்வாற்றானும் மறைத்தல் தகாது. அயலார் இதனைக் கண்டனர், மறக்கவுமில்லை. 1965-இல் இருதேசத்தாரும் தூதரை அனுப்பிக்கொள்ள இசைந்தபோது, ஜெர்மனி முதல் தூதராக அனுப்பிய ரோல்ப் பவுல்ஸ் ஹிட்லர் காலத்துச் சேனையில் அதிகாரியாயிருந்து யுத்தத்தில் ஒரு கையை இழந்தவர். ஜெருசலேமில் அவர் நியமனப் பத்திரம் அளிக்கச் சென்ற நாளில் ஜனங்கள் கூடிக் கூச்சலிட்டுக் கல்லெறிந்தனர். 300 கோடியும் ஏறக்குறையத் தீர்ந்துகொண்டிருந்த சமயம் அது. பணம் வழியைத் திறந்ததேயன்றி மனத்தைத் திறந்ததில்லை.

நிற்க. கிழக்கே போலந்து தேசத்தின் கணக்கு வேறு. அங்கே ஜெர்மனி செலுத்தவேண்டியிருந்தது நிலம். யுத்தத்தின் முடிவில் ஓடர், நைசே ஆறுகளுக்குக் கிழக்கே 1937-இல் ஜெர்மனிக்கு இருந்த நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கைமாறிப் பெரும்பகுதி போலந்து வசமாயிற்று. அங்கிருந்தும் கிழக்கைரோப்பாவின் பிற இடங்களிலிருந்தும் துரத்தப்பட்ட ஜெர்மானியர் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். அவ்வெல்லையை ஒப்புக்கொள்ளமாட்டோம் என்று இருபது வருஷமாகச் சர்க்கார்கள் சொல்லிவந்தன. அதனை மாற்றியவர் வில்லி பிராண்ட். இவர் 1933-இல் ஹிட்லருக்குத் தப்பி நார்வே தேசத்துக்கு ஓடியவர். பின்னர் மேற்கு பெர்லின் மேயராகவும் அயல்நாட்டு மந்திரியாகவும் இருந்து, 1969-இல் தலைமை மந்திரியானார். 1970-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 7-ந் தேதி, எல்லையை ஏற்கும் ஒப்பந்தத்திற் கையொப்பமிட வார்ஸா நகரம் சென்றார்.

அன்று காலை, 1943-இல் ஹிட்லர் படையை எதிர்த்துப் போராடி மாண்ட யூதரின் நினைவுச்சின்னத்துக்கு மலர்வளையம் வைக்கச் சென்றார். அச்சின்னத்திற் பதித்த கற்கள், ஹிட்லரின் வெற்றிச் சின்னங்களுக்கென்று ஜெர்மானியர் வரவழைத்த கற்களே என்பது அறியத்தக்கது. மலர்வளையத்தின் நாடாவைச் சரிசெய்தார், பின்வாங்கினார், ஈரக் கல்தளத்திலே இரு முழந்தாளும் படிய மண்டியிட்டார். சிறிது நேரம் அசைவின்றி இருந்தார், எழுந்தார், ஒன்றுங் கூறாது சென்றார். முன்னேற்பாடு எதுவும் இல்லை என்றும், சொற்கள் பயன்படாதபோது மனிதர் செய்வதையே தாம் செய்ததாகவும் பின்னாளிற் சொன்னார். ஹிட்லரை எதிர்த்து நாடிழந்த அவருக்கு மண்டியிடும் கடமை தம் பேரில் இல்லை. குற்றவாளிகள் பலர் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த தேசத்திலே குற்றமற்றவர் முழந்தாளிட்டார்.

ஜெர்மன் பத்திரிகையொன்று கேட்ட அபிப்பிராயத்தில், இது மிகை என்றோர் நூற்றுக்கு 48. தகும் என்றோர் 41. போலந்து சர்க்காருக்கும் அது உவப்பாயில்லை. 1968-இல்தான் அச்சர்க்கார் யூதர் பல்லாயிரவரைத் தேசத்தை விட்டு வெளியேறச் செய்திருந்தனர். ஆதலின் யூதர் சின்னத்தின் முன் மண்டியிட்ட படம் அங்கே பெரும்பாலும் வெளிவரவில்லை. பிறதேசங்களிலோ அப்படம் எங்கும் பரவிற்று. 1971-இல் பிராண்டுக்குச் சமாதானத்துக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. வீட்டிலே அவர் பதவி ஊசலாடிற்று. 1972-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 27-ந் தேதி அவரைக் கவிழ்க்க எதிர்க்கட்சியார் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 249 வாக்கு வேண்டியிருக்க 247 வாக்கே கிடைத்தது. கிழக்கு ஜெர்மனியின் ஒற்றர் இலாகா வாக்கை விலைக்கு வாங்கிற்று என்பது பிற்பாடு வெளியாயிற்று; நல்ல காரியம் நல்ல வழியாலேயே பிழைத்தது என்று சொல்லும் பாக்கியம் சரித்திர ஆசிரியனுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை. அவ்வருஷத்து நவம்பர்த் தேர்தலிலே ஜனங்கள் அவர் கட்சியை முதலிடத்தில் நிறுத்தினர்.

கிழக்கு ஜெர்மனியார் நடந்துகொண்ட முறை வேறு. நாங்கள் ஹிட்லரை எதிர்த்தவர். ஆதலின் எங்களுக்குக் கடனில்லை என்று அவர்கள் நாற்பது வருஷம் சாதித்தனர். 50 கோடி டாலர்க் கோரிக்கைக்கு அவர்கள் இணங்கவேயில்லை. 1990-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 12-ந் தேதி, முதன்முறையாகச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்களது பார்லிமெண்டு யூதரிடம் மன்னிப்பு வேண்டிற்று. ஆறு மாதத்துக்குள் அந்த ராஜ்யமே மேற்கு ஜெர்மனியோடு கலந்து மறைந்தது.

இவ்வளவு கற்ற ஜெர்மனி எல்லாக் கடனையும் ஒரே மனத்தோடு நோக்கிற்றா? தென்மேற்கு ஆப்பிரிக்காவிலே, இன்று நமீபியா என வழங்கும் நாட்டில், ஜெர்மன் சேனாபதி வான் ட்ரோதா 1904-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ந் தேதி விடுத்த கட்டளையிலே, எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ மனிதர் எவரும் சுடப்படுவர் என்றான். பல்லாயிரவர் நீரற்ற பாலையிலே துரத்தப்பட்டு மாண்டனர்; நாமா மக்களும் 1908 வரை அழிக்கப்பட்டனர். ஹிட்லருக்கு முன்பட்ட கடன் இது. நூறு வருஷங் கழித்து, 2004-இல் ஜெர்மன் மந்திரி ஒருவர் அங்கே சென்று மன்னிப்பு வேண்டினார். 2021-ஆம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி, அச்செயலை இன அழிப்பு என்று ஒப்புக்கொள்வதாகவும், 30 வருஷத்தில் 110 கோடி யூரோ தருவதாகவும் ஜெர்மன் சர்க்கார் அறிவித்தனர். நஷ்டஈடு என்ற சொல்லை மட்டும் தவிர்த்தனர். வாசனாரிலே இஸ்ரேல் சர்க்காருக்கு ஒரு நாற்காலியும், சிதறிய யூதரின் சங்கங்களுக்கு மற்றொரு நாற்காலியும் தனித்தனியே இடப்பட்டிருந்தன. நமீபியா விஷயத்திலோ பேச்சு சர்க்காருக்கும் சர்க்காருக்கும் நடந்தது. "எங்கள் பாட்டனாரைப் பற்றிய பேச்சிலே எங்களுக்கு இடமில்லையா?" என்று ஹெரேரோ, நாமா தலைவர் பலர் கேட்டனர், அத்தொகையை ஏற்கவும் மறுத்தனர்.